மூன்று ஆண்டு சம்பளம் வாங்காத பேராசிரியர்

மாதம் பிறந்தது. சம்பளம் வந்தது. அவர் வாங்கவில்லை.

அடுத்த மாதமும் வந்தது. அதையும் திருப்பி அனுப்பினார்.

ஒரு மாதம் அல்ல, இரண்டு மாதம் அல்ல. முழுசாக மூன்று ஆண்டுகள்! ஆனால் வேலையை ஒரு நாளும் விடவில்லை. மணி அடித்ததும் வகுப்புக்குப் போனார். பாடம் நடத்தினார். பரிசோதனைகள் செய்து காட்டினார். மாலையில் வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பினார்.

வீட்டில் பணம் கொட்டிக் கிடந்ததோ என்றால், அதுவும் இல்லை. தந்தைக்குத் தலைக்கு மேல் கடன்.

பின் ஏன் இந்தப் பிடிவாதம்? ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே உழைப்பு. அதற்கு வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு ஒரு சம்பளம், தற்காலிகமாக வந்தவருக்கு இன்னொரு சம்பளம் என்று அந்தக் காலத்துச் சர்க்கார் கணக்கு வைத்திருந்தது. அந்தக் கணக்கை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர்தான் ஜகதீச சந்திர போஸ்.

செங்கற்பட்டுப் பக்கத்து ஏரிக்கரைகளில் தொட்டாற்சுருங்கியைத் தொட்டு விளையாடாத பிள்ளைகள் உண்டா? தொட்டதும் இலை ஏன் மூடுகிறது, செடிக்குள் என்ன நடக்கிறது என்று கருவி வைத்து அளந்தவர் போஸ். இது பள்ளிக்கூடத்துப் பாடத்தில் வரும். அவர் சம்பளத்துக்காக நடத்திய மௌனப் போராட்டம் அவ்வளவாக வருவதில்லை. இன்று அந்தக் கதையைத்தான் பார்க்கப் போகிறோம்.

மீனவர் மகனும் பழைய கொள்ளைக்காரனும்

போஸ் 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி வங்காளத்தில் பிறந்தார். இன்று அந்தப் பகுதி வங்காள தேசத்தில் இருக்கிறது. தந்தை பகவான் சந்திர போஸ். மைமன்சிங் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்தவர். பிறகு பரீத்பூரில் டிப்டி மாஜிஸ்திரேட் ஆனார்.

பெரிய உத்தியோகஸ்தர்களின் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போன காலம் அது. பகவான் சந்திரர் தம் மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே ஜகதீசனுக்கு ஒரு பக்கம் தந்தையின் முஸ்லிம் பியூனுடைய மகன். மறு பக்கம் ஒரு மீனவரின் மகன்.

சதுரங்கப்பட்டினம், கொக்கிலமேடு, தேவனேரி குப்பங்களில் வளர்ந்த வாசகர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். எந்த மீன் எந்தக் காற்றில் வரும், எந்தத் தண்ணீரில் எது ஒளியும் என்று ஒரு மீனவச் சிறுவனுக்குத் தெரிந்தது எத்தனை புத்தகத்தில் இருக்கிறது? ஜகதீசன் வாய் பிளந்து கேட்டான். இயற்கையில் அவனுக்கு ஆசை பிறந்தது அந்தத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில்தான்.

பள்ளி விட்டதும் மூன்று பிள்ளைகளும் ஜகதீசன் வீட்டுக்கு வருவார்கள். தாய் பாமசுந்தரி ஆசாரம் பார்க்கிறவர். ஆனாலும் மூன்று பேருக்கும் வேறுபாடு இல்லாமல் பலகாரம் கொடுப்பார்.

சிறுவனைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போனவன் யார் தெரியுமா? ஒரு பழைய கொள்ளைக்காரன்! பகவான் சந்திரரே அவனைப் பிடித்து ஜெயிலுக்கு அனுப்பியவர். விடுதலையாகி வந்தவனுக்கு வேறு யாரும் வேலை கொடுக்கவில்லை. தண்டனை கொடுத்தவரே வேலையும் கொடுத்தார். தம் மகனையே அவன் தோளில் ஏற்றினார். வழி நெடுகத் தன் பழைய கதைகளையும் உடம்பில் இருந்த தழும்புகளையும் பற்றி அவன் பேசிக்கொண்டே போவான். ஒரு முறை குடும்பம் படகில் போகும்போது ஆற்றுக் கொள்ளையர் துரத்தினார்களாம். இவன் எழுந்து நின்று தன் பழைய பாணியில் ஒரு கூச்சல் போட்டான். வந்தவர்கள் அப்படியே படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

கடனும் கடல் பயணமும்

பகவான் சந்திரர் நல்லவர். பணக் கணக்கில் மட்டும் கெட்டிக்காரர் அல்ல. ஊருக்குத் தொழில் வர வேண்டும் என்று தொழிற்பள்ளி வைத்தார். அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்தில் பணம் போட்டார். ஒன்றன்பின் ஒன்றாக நஷ்டம். கடன் ஏறிக்கொண்டே போனது.

மகன் கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றான். அங்கே லபாண்ட் என்ற பாதிரியார் பௌதிகத்தைப் பரிசோதனை செய்து காட்டிக் கற்பித்தார். பின்னாளில் போஸ் வகுப்பு நடத்திய விதத்துக்கு இவரே வழிகாட்டி.

ஐ.சி.எஸ். எழுதிக் கலெக்டராக வேண்டும் என்பது மகனின் ஆசை. தந்தை வேண்டாம் என்றார். பிறரை ஆளும் வேலை வேண்டாம், தன்னைத் தானே ஆளும் படிப்புப் படி என்பது அவர் எண்ணம். தாய் தன் நகைகளைத் தரவும் முன்வந்தார். 1880-ல் மகன் லண்டனுக்குக் கப்பல் ஏறினார்.

முதலில் வைத்தியம் படித்தார். விடாத காய்ச்சல் அவரைப் பிடித்திருந்தது. பிணம் அறுக்கும் அறையின் நாற்றம் அதை மேலும் கெடுத்தது. வைத்தியத்தை விட்டுவிட்டுக் கேம்பிரிட்ஜுக்குப் போய் விஞ்ஞானம் படித்தார். உலகப் புகழ் பெற்ற ரேலி பிரபு அங்கே அவருக்கு ஆசிரியர். கேம்பிரிட்ஜ் பட்டமும் லண்டன் பட்டமும் கையில் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

மூன்று, இரண்டு, ஒன்று

புறப்படும்போது போஸின் கையில் ஒரு சிபாரிசுக் கடிதம் இருந்தது. பிரிட்டிஷ் தபால் மந்திரி ஹென்றி பாசெட் கொடுத்தது. (இந்தப் பாசெட் இரண்டு கண்ணும் தெரியாதவர். அப்படியும் தபால் இலாகாவை ஆண்டார்!) கடிதம் வைஸ்ராய் ரிப்பன் பிரபுவுக்கு. சென்னை மாநகராட்சியின் ரிப்பன் கட்டடத்துக்கு யார் பெயர் வைத்தார்களோ, அதே ரிப்பன்தான். வைஸ்ராயும் நல்ல வார்த்தை சொல்லி, வங்காளக் கல்வி இலாகாவுக்கு எழுதினார்.

கல்வி டைரக்டர் ஆல்பிரட் கிராப்டுக்கு இது பிடிக்கவில்லை. இந்தியர்களுக்குத் தத்துவம் வரும், இலக்கணம் வரும். விஞ்ஞானம் கற்பிக்க வருமா என்ற சந்தேகம் அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இருந்தது. கீழ்ப்படி உத்தியோகம் வேண்டுமானால் தருகிறேன் என்ற தோரணையில் பேசினார். போஸ் மறுத்துவிட்டார். கெஜட்டில் அவர் பெயர் வராததைப் பார்த்து மேலிடம் காரணம் கேட்டது. வேறு வழியில்லாமல் 1885-ல் கல்கத்தா பிரசிடென்ஸி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் வேலை கொடுத்தார்கள்.

கொடுத்தார்களே தவிர, அதில் ஒரு முடிச்சும் போட்டார்கள். வேலை தற்காலிகம்!

சம்பளக் கணக்கைக் கேளுங்கள். அதே பதவியில் ஒரு வெள்ளைக்காரருக்கு 3 ரூபாய் என்றால், இந்தியருக்கு 2 ரூபாய். அதுதான் சட்டம். போஸ் தற்காலிக ஆசிரியர் ஆனதால் அந்த 2 ரூபாயிலும் பாதி. ஆக, பக்கத்து அறையில் பாடம் நடத்தும் வெள்ளைக்காரருக்கு 3 ரூபாய். அதே பாடம் நடத்தும் போஸுக்கு 1 ரூபாய்.

கல்லூரிப் பிரின்சிபால் டானி துரையும் இந்த நியமனத்தை விரும்பவில்லை. அவர் சமஸ்கிருதத்தில் கரை கண்டவர். கதாசரித்சாகரத்தை இங்கிலீஷில் பெயர்த்தவர். நம் நாட்டுக் கதைகளில் அத்தனை மோகம் கொண்டவருக்கு, நம் நாட்டு விஞ்ஞானியிடம் நம்பிக்கை இல்லை. உலகம் இப்படித்தான் வினோதமானது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி நம் ஊரையும் பார்த்துவிடுவோம். இந்த 3, 2, 1 கணக்கு வெள்ளைக்காரனோடு கப்பல் ஏறிப் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2003-க்குப் பிறகு சில ஆண்டுகள் ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். 2006-ல்தான் அவர்களுக்கு முறையான சம்பளம் வந்தது. 2012-ல் ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி முதலான பாடங்களுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. மாதம் 5,000 ரூபாய். பிறகு அது படிப்படியாகக் கூட்டப்பட்டது. 2009 மே 31-ந் தேதிக்குள் வேலையில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு ஓர் அடிப்படைச் சம்பளம். மறுநாள் ஜூன் 1-ந் தேதி சேர்ந்தவருக்கு அதைவிடக் குறைவு. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. ஒரு நாள் வித்தியாசம்! இதை எதிர்த்துப் பல முறை ஆசிரியர்கள் உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள்.

2022-ல் 13,331 காலி இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் தற்காலிகமாக நிரப்ப அரசு உத்தரவிட்டது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று வைத்தார்கள். பிறகு தொகை உயர்ந்தது. கல்லூரிகளில் இப்படி வேலை பார்ப்பவருக்குக் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். கௌரவம் பெயரில் இருக்கிறது. பலசரக்குக் கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு அரிசி கொடுப்பதில்லை.

செங்கற்பட்டிலும் திருக்கழுக்குன்றத்திலும் மாமல்லபுரத்திலும் இப்படி ஓர் ஆசிரியரை அறியாத குடும்பம் குறைவு. சரி, கல்கத்தாவுக்குத் திரும்புவோம்.

படகில் வந்த பேராசிரியர்

போஸ் சண்டை போடவில்லை. கூட்டம் கூட்டவில்லை. பத்திரிகையில் எழுதவும் இல்லை. வேலையை விட்டிருந்தால் பார்த்தீர்களா, இந்தியனால் முடியவில்லை என்று சொல்லியிருப்பார்கள். சம்பளத்தை வாங்கியிருந்தால் அந்தக் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டார். வேலையைச் செய்வது, சம்பளத்தைத் தொடாமல் இருப்பது.

அது எளிய காரியமா? சீமையிலிருந்து திரும்பியபோது தந்தையின் கடன் மலைபோல் நின்றது. பூர்வீக நிலங்களை விற்றார். கடனில் பாதி அடைந்தது. தாயின் சொத்தை விற்றார். இன்னொரு கால் பங்கு அடைந்தது. மிச்சத்தைத் தாம் சம்பாதித்து அடைப்பதாகக் கடன்காரர்களிடம் வாக்குக் கொடுத்தார். அப்படி வாக்குக் கொடுத்தவர்தான் சம்பளத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்!

இந்த நிலையில் 1887-ல் கல்யாணமும் நடந்தது. மணமகள் அபலா தாஸ்.

அபலாவுக்கும் நம் சென்னைக்கும் தொடர்பு உண்டு. அவர் டாக்டராக ஆசைப்பட்டார். கல்கத்தா மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்க்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. 1882-ல் வங்காள அரசாங்கத்தின் உபகாரச் சம்பளத்தோடு சென்னைக்கு வந்து படித்தார். உடம்பு ஒத்துக்கொள்ளாமல் படிப்பை முடிக்காமல் திரும்ப நேர்ந்தது.

புருஷன் சம்பளம் வாங்காத வீட்டில் குடித்தனம் நடத்துவது எப்படி என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். அபலா முகம் சுளிக்கவில்லை.

கல்கத்தாவில் வாடகை கொடுத்துக் கட்டாது. ஹூக்ளி ஆற்றின் மறு கரையில், நம் புதுச்சேரியைப் போலப் பிரஞ்சுக்காரர் கையில் இருந்த சந்திரநாகூரில் ஒரு வீடு பிடித்தார்கள். கல்லூரிக்குப் போக ஆற்றைக் கடந்து நைஹாட்டியில் ரயில் ஏற வேண்டும். படகுக் கூலியையும் மிச்சம் பிடித்தார்கள். சொந்தமாக ஒரு சிறு படகு. காலையில் கணவன் துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போவார். மனைவி படகைத் தனியாக இக்கரைக்குத் திருப்பிக்கொண்டு வருவார். மாலையில் மறுபடியும் போய் அழைத்து வருவார். பக்கிங்காம் கால்வாயை ஓடத்தில் தாண்டி மாமல்லபுரம் போன காலத்தை அறிந்த முதியவர்களுக்கு இந்தக் காட்சி கண்ணில் தெரியும். அங்கே ஓடக்காரர் இருந்தார். இங்கே ஓடக்காரி, பேராசிரியரின் மனைவி.

கல்லூரியில் என்ன நடந்தது? பிரசிடென்ஸி கல்லூரி மாணவர்கள் சாமானியப்பட்டவர்கள் அல்ல. புது ஆசிரியர் வந்தால் ஒரு கை பார்க்கிறவர்கள். போஸ் அதட்டவில்லை. மேஜை மேல் கருவிகளை வைத்தார். மின்சாரம் பாய்ந்தது, ஒளி தெறித்தது, மணி அடித்தது. அதட்டாமலே வகுப்பு அவர் வசமானது.

ஆண்டு ஒன்று போயிற்று. இரண்டு போயிற்று. மூன்றும் முடிந்தது. டைரக்டர் கிராப்டும் பிரின்சிபால் டானியும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் தங்கள் எண்ணம் தவறு என்று அவர்களுக்கே தோன்றியது. அவர்களே முயன்று உத்தரவு வாங்கினார்கள். போஸ் நிரந்தரப் பேராசிரியர் ஆனார். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து கணக்கிட்டு, மூன்று ஆண்டுச் சம்பளமும் முழுசாக ஒரே தொகையாக வந்தது. மூன்றில் ஒரு பங்கு அல்ல. மூன்றில் மூன்று பங்கும்!

அந்தப் பணம் எங்கே போயிற்று? தந்தையின் கடனுக்குத்தான். தொடர்ந்து சில ஆண்டுகளில் கடன் முழுதும் அடைந்தது. கடனில்லாத மனிதராக வாழும் பாக்கியம், கொஞ்ச காலமே ஆனாலும், பகவான் சந்திரருக்குக் கிடைத்தது. அதற்குப் பின்தான் அவர் கண்ணை மூடினார். எதிர்த்து நின்ற இரண்டு துரைகளும் போஸின் ஆப்த நண்பர்கள் ஆனார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. போஸ் ஜெயித்தார், சட்டம் மாறவில்லை. 1889-ல் அதே கல்லூரிக்குப் பிரபுல்ல சந்திர ராய் வந்தார். எடின்பரோவில் டாக்டர் பட்டம் வாங்கிய ரசாயன மேதை. அவருக்குக் கிடைத்ததும் தற்காலிக உதவிப் பேராசிரியர் வேலைதான். மாதம் 250 ரூபாய். 1896-ல் கல்வி இலாகாவையே இரண்டாகப் பிரித்தார்கள். மேல் படி பெரும்பாலும் வெள்ளைக்காரருக்கு; மாகாணப் படி இந்தியருக்கு. ஒருவர் பிடிவாதத்தால் ஒருவருக்கு நியாயம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று. போஸுக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் இருந்தது. வைஸ்ராய் வரை பேர் தெரிந்திருந்தது. விற்பதற்கு நிலம் இருந்தது. குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் தொகுப்பூதியத்துக்கு வேலை பார்க்கும் ஒரு ஆசிரியை மூன்று மாதம் சம்பளத்தைத் திருப்பி அனுப்பினால் அடுப்பு எரியாது. அப்படிப்பட்டவர்களுக்குச் சங்கமும் கோர்ட்டும்தான் வேண்டும்.

கோர்ட்டு வழி போஸ் காலத்தில் இல்லை. 1950-ல் வந்த நம் அரசியல் சட்டத்தின் 39-வது பிரிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம சம்பளம் என்று வழி காட்டியது. 1982-ல் டில்லிப் போலீஸ் டிரைவர் ஒருவர் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இந்தக் கொள்கையை நிலைநாட்டியது. 2016 அக்டோபரில் பஞ்சாப் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது: நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கும் அந்தப் பதவியின் குறைந்தபட்சச் சம்பள விகிதம் உண்டு. ஆனால் வேலை ஒன்றுதான் என்பதை ஊழியர்தான் நிரூபிக்க வேண்டும். போஸ் அதை நிரூபிக்க மூன்று ஆண்டு ஆயிற்று.

குளியலறை ஓரத்தில் ஒரு ஆய்வுக்கூடம்

பிறகு நடந்தது உலகம் அறிந்த கதை. சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

கல்லூரியில் ஆராய்ச்சிக்கு இடம் கொடுக்கவில்லை. குளியலறையை ஒட்டி ஒரு குச்சு அறை. உள்ளூர்த் தகரக்காரரை வைத்துக்கொண்டு, சொந்தச் செலவில் கருவிகள் செய்தார். பகலெல்லாம் வகுப்பு, மிஞ்சிய நேரத்தில் ஆராய்ச்சி. 1895-ல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஒரு காட்சி நடத்தினார். கம்பி இல்லாமல், சுவரையும் ஊடுருவிக்கொண்டு போய் மின் அலை தொலைவில் மணி அடித்தது, வெடிமருந்தைக் கொளுத்தியது. நடுவே நின்ற லெப்டினன்ட் கவர்னரின் கனத்த உடம்பும் அலையைத் தடுக்கவில்லை! கூட்டம் பிரமித்தது. இன்று மாமல்லபுரம் கடலில் வலை போடும் விசைப்படகிலிருந்து கரைக்குப் பேசுகிறார்களே, அந்தக் கம்பியில்லாப் பேச்சின் பாட்டன்மாரில் இவர் ஒருவர். 1897-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேசி விஞ்ஞானிகளின் பாராட்டைப் பெற்றார். கண்டுபிடிப்பைக் காசாக்க அவருக்கு மனம் இல்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் எடுத்த ஒரு அமெரிக்கப் பேடண்டு 1904-ல் கிடைத்தது. அதையும் அவர் வைத்துச் சம்பாதிக்கவில்லை.

அப்புறம் செடிகள். தொட்டாற்சுருங்கி, தானே இலை ஆட்டும் தொழுகன்னி. கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்ற கருவியைச் செய்தார். அவர் சொன்னதையெல்லாம் விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. அவருடைய அளவுகள் நுட்பமானவை, முடிவுகள் சில எல்லை தாண்டியவை என்று பலர் கருதினார்கள். ஆனாலும் 1917-ல் சர் பட்டம் வந்தது. 1920-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராகச் சேர்த்தது. மேகநாத் சாகாவும் சத்தியேந்திர நாத போசும் அவருடைய மாணவர்கள்.

1915-ல் போஸ் ஓய்வு பெற்றார். முதல் நாளில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்த அதே இலாகா, இப்போது அவரைக் கௌரவப் பேராசிரியராக வைத்து, பென்ஷன் அல்ல, முழுச் சம்பளமே கொடுத்தது. இந்தக் கௌரவத்தில் காசும் இருந்தது!

சிக்கனமாக வாழ்ந்து சேர்த்த பணத்தையும் நண்பர்கள் தந்ததையும் போட்டு, 1917-ம் ஆண்டு தம் பிறந்த நாளான நவம்பர் 30-ந் தேதி கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். 1937 நவம்பர் 23-ந் தேதி கிரிதி என்ற ஊரில் காலமானார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 79 வயது நிரம்பியிருக்கும்.

அபலா அதற்குப் பின்னும் 13 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1919-லேயே பெண் கல்விக்கு ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். இளம் விதவைகளைச் சேர்த்து, படிக்கவைத்து, பயிற்சி கொடுத்து, கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியைகளாக அனுப்பும் வேலையை அந்தச் சங்கம் செய்தது. சம்பளம் வாங்காத ஆசிரியரோடு குடித்தனம் நடத்தியவர், கையில் ஒரு சம்பளம் இல்லாத பெண்களைத் தேடிப் பிடித்து ஆசிரியைகள் ஆக்கினார். 1951-ல் அவர் மறைந்தபோதும் அந்தப் பள்ளிக்கூடங்கள் நடந்துகொண்டிருந்தன.